புகையிலையிலிருந்து நிகோடினை வீட்டிலேயே பிரிக்கலாமா? (அசுவினிக்கு மருந்து தேடிப் போய் வந்த கேள்வி)

பதிவு 1 | பூஞ்சட்டி

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். குருத்துகள் எல்லாம் சுருண்டுவிட்டன. இலையின் அடிப்பக்கத்தைத் தொட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. யாரோ சொன்னார்கள் என்று புகையிலையை ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டித் தெளித்தேன். முதல் நாள் கொஞ்சம் உதிர்ந்தன. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

கரைசல் நீர்த்துப்போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பூச்சியைக் கொல்வது நிகோடின்தான் என்றால், அதை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தால் இரண்டு சொட்டே போதுமல்லவா? ஒரு காணொளியில் ஒருவர் சமையலறைப் பாத்திரங்களை வைத்தே பிரித்துக் காட்டுகிறார். முறை இதுதான்:

[இங்கிருந்த ஏழு வரிகள் நீக்கப்பட்டன. – மட்டுறுத்துநர்]

செடியிலிருந்து வருவதுதானே, கடையில் வாங்கும் இரசாயனத்தைவிட மேல் என்பது என் எண்ணம். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதிவு 2 | மட்டுறுத்துநர்

செய்முறையை மட்டும் எடுத்திருக்கிறேன், கேள்வியை எடுக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி. வேதியியலும் ஆபத்தும் தாராளமாகப் பேசுங்கள். எதை எவ்வளவு எதில் கலப்பது என்று எழுதினால் அதுவும் போகும். வாதம் செய்ய விரும்புவோர் தனிமடலில் வரவும், இங்கே வேண்டாம்.

பதிவு 3 | ஒற்றைநாற்று

பிரித்தெடுப்பது இருக்கட்டும். நீங்கள் சொன்ன அந்த நீர்த்த கரைசலே என்னைப் படுக்கவைத்தது, அதைச் சொல்கிறேன்.

முதுகில் மாட்டும் தெளிப்பான். மூடியின் வளையம் தேய்ந்திருந்தது, ஒழுகும் என்று தெரியும், மாற்றச் சோம்பல். புகையிலையைத் தாராளமாகப் போட்டு இரண்டு நாள் ஊறவைத்த கரைசல், நல்ல கறுப்பாக இருந்தது. அரைமணி நேரம் தெளித்திருப்பேன். சட்டையின் பின்பக்கம் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வியர்வை என்று விட்டுவிட்டேன். முதலில் வாயில் எச்சில் ஊறியது, துப்பிக்கொண்டே இருந்தேன். பிறகு தலை சுற்றியது. உட்காரலாம் என்று குனிந்தபோது வாந்தி. அதற்குப் பிறகு எண்ணிக்கை இல்லை. வயிற்றில் ஒன்றுமில்லாமல் போன பிறகும் குமட்டல் நிற்கவில்லை, கை நடுங்கியது, வெயிலில் நின்ற உடம்பு சில்லென்று வேர்த்தது.

வீட்டில் இருந்தவர்கள் வெயில் தாக்கியது என்று நினைத்து நிழலில் படுக்கவைத்து விசிறினார்கள். அந்த ஈரச் சட்டையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். என் சித்தப்பா வந்து மோந்து பார்த்துவிட்டு, "முதலில் இதைக் கழற்றிக் குளிக்க வை" என்றார். குளித்த பிறகுதான் மெதுவாக இறங்கியது. ஒரு வாய்கூட நான் குடிக்கவில்லை. தோல் வழியாகவே இவ்வளவும்.

பதிவு 4 | காரவினை

ஒற்றைநாற்றுக்கு வந்ததற்குப் பெயரே உண்டு: பச்சைப் புகையிலை நோய். மழையிலோ பனியிலோ நனைந்த புகையிலையை அறுவடை செய்பவர்களுக்கு வருவது. இலையில் நிற்கும் ஈரத்தில் நிகோடின் கரைந்து, நனைந்த துணி வழியாகத் தோலுக்குள் இறங்கும். வாந்தி, தலைச்சுற்றல், தலைவலி, பலவீனம். பார்ப்பதற்கு வெயில் தாக்கியது போலவே இருக்கும், உங்கள் வீட்டார் ஏமாந்ததில் வியப்பில்லை. சித்தப்பா செய்ததுதான் சரி.

நான் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். பூஞ்சட்டியின் கேள்விக்கு அடியிலிருந்தே வருகிறேன், கொஞ்சம் நீளும்.

நிகோடின் என்பது பத்து கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன் அணுக்களால் ஆன சின்ன மூலக்கூறு. இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும்: ஆறணு கொண்ட பிரிடின் வளையம், ஐந்தணு கொண்ட பிரோலிடின் வளையம். வளையத்துக்கு ஒரு நைட்ரஜன். செடி இதை நமக்காகச் செய்யவில்லை, தன்னைத் தின்ன வரும் பூச்சிக்காகச் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், இலையில் நிறைந்திருக்கும் இந்தப் பொருள் இலையில் உண்டாவதில்லை. வேரில் உண்டாகி, நீரோடு சேர்ந்து தண்டு வழியாக மேலே ஏறுகிறது. தக்காளித் தண்டைப் புகையிலை வேரில் ஒட்டுக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள், தக்காளி இலையில் நிகோடின் வந்துவிட்டது. புழு இலையைக் கடித்தால் அந்தச் செய்தி வேருக்குப் போய், வேர் கூடுதலாகச் சமைத்து அனுப்பும். பூக்கொத்தைக் கிள்ளிவிட்டாலும் கூடும். தழைச்சத்து உரம் அதிகம் போட்டாலும் கூடும். மேல் இலைகளில் அதிகம், அடி இலைகளில் குறைவு.

ஆகவே ஒரு பிடி புகையிலையில் எவ்வளவு நிகோடின் இருக்கிறது என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. பொதுவாகப் பயிராகும் நிகோடியானா டபாக்கத்தின் உலர்ந்த இலையில் எடையில் 1 முதல் 3 விழுக்காடு இருக்கும். நிகோடியானா ரஸ்டிகா என்ற இன்னொரு வகையில் 9 விழுக்காடு வரை போகும். உங்கள் கையில் இருப்பது எந்த வகை, எந்த இலை, எந்த உரம் போட்டது? இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இங்கேயே திரும்பி வருவேன்.

பதிவு 5 | பூஞ்சட்டி

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஒன்று புரியவில்லை. காய்ந்த இலையை எத்தனையோ பேர் நாள்முழுக்கக் கையால் தொடுகிறார்கள், கசக்குகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே. அவ்வளவு கொடியது என்றால் இலையே ஆளைக் கொன்றிருக்க வேண்டாமா?

பதிவு 6 | காரவினை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

இலைக்குள் நிகோடின் தனியாக இல்லை. மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம் போன்றவற்றோடு சேர்ந்து உப்பாகக் கட்டுண்டு கிடக்கிறது. நிகோடின் ஒரு காரம். அமிலத்தைக் கண்டால் அதன் ஒரு நைட்ரஜன் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு மின்னேற்றம் பெற்றுவிடும். மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுக்குத் தோலின் கொழுப்புப் படலத்தைக் கடப்பது கடினம். அது எளிதில் ஆவியாவதும் இல்லை. இலை பொதுவாக அமிலத் தன்மை உடையது, அந்த நிலையில் நூற்றில் ஒரு பங்குதான் மின்னேற்றமில்லாத தனி நிகோடினாக இருக்கும், பல சமயம் அதற்கும் குறைவு. அமிலகார அளவு (pH) 8ஐத் தொட்டால் பாதிக்குப் பாதி. அதற்கு மேல் ஏற ஏற ஏறத்தாழ முழுவதும் தனி நிகோடின்தான்.

உங்கள் காணொளிக்காரர் செய்வது என்ன என்று இப்போது பாருங்கள். செய்முறை எதுவானாலும் அதன் சாரம் ஒன்றே: செடி போட்டு வைத்த அந்தக் கட்டை அவிழ்ப்பது. அவிழ்ந்த பிறகு கையில் இருப்பது இலையிலிருந்த அதே பொருள்தான், ஆனால் நடத்தை வேறு. கொழுப்பில் கரையும், தோலுக்குள் நேரே இறங்கும், நீராவியோடு சேர்ந்து காற்றில் ஏறும். கூண்டுப் புலியைப் பார்த்துவிட்டு, புலி சாதுவானது என்று சொல்வது போலத்தான் "இலையைத் தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது.

தூய நிகோடினைப் பார்த்திருக்கிறேன். வடித்தெடுத்த உடனே நிறமில்லாத எண்ணெய். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டை விட்டு வைத்தால் காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறமாகிவிடும். கொதிநிலை 247 டிகிரி. அடர்த்தி ஏறக்குறைய தண்ணீருடையதே. இன்னொரு விசித்திரம்: அறை வெப்பத்தில் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இரண்டு அடுக்காகப் பிரியும், அழுத்தத்தில் வைத்து 210 டிகிரி வரை கொண்டுபோனால் மறுபடி ஒன்றாகிவிடும். மாணவனாக இருந்தபோது இதைப் படித்து அன்றிரவு தூங்கவில்லை, அவ்வளவு பிடித்திருந்தது. தலைப்பை விட்டுப் போகிறேன், மன்னிக்கவும்.

அந்தச் சொட்டைக் கையாளும்போது காற்றை உறிஞ்சும் கூண்டுக்குள் கை விட்டோம். நிகோடினுக்குத் தாக்குப்பிடிக்கும் கையுறை இரண்டு அடுக்கு. பக்கத்தில் ஓர் ஆள். அது சமையலறை இல்லை.

பதிவு 7 | கேள்விக்குறி

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். 60 மில்லிகிராம் நிகோடின் ஓர் ஆளைக் கொல்லும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அது பிழை என்பது தெரியுமா? ஆஸ்திரியாவில் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்ன்ட் மாயர் 2014ல் இதைத் துருவிப் பார்த்திருக்கிறார். அந்த எண் 1906ல் வந்த கோபெர்ட் என்பவரின் நச்சியல் நூலுக்குப் போகிறது. அதற்கு ஆதாரமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிலர் தம்மீதே நடத்திக்கொண்ட சோதனை. நூறாண்டுக்கும் மேல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். உண்மையான கொல்லும் அளவு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இருக்கலாம் என்பது அவர் கணக்கு. ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். அதையும் கொஞ்சம் சொல்லுங்கள்.

பதிவு 8 | இரவுப்பணி

கேள்விக்குறி சொல்வது உண்மை. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவள், எங்கள் மேசையிலும் அந்தக் கட்டுரை பேசப்பட்டது. 60 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் எண்ணையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 100 கிராம் சாதாரண உலர்ந்த இலை: 1 முதல் 3 கிராம் நிகோடின். மாயரின் கீழ் எல்லை அரை கிராம். அதாவது, மிகத் தாராளமான கணக்கில்கூட, ஒரு சின்னப் பொட்டலத்தில் ஒரு வளர்ந்த ஆளுக்குப் போதுமான நஞ்சு மிச்சமாகவே இருக்கிறது. சிகரெட் பிடிப்பவர் இதிலிருந்து தப்புவது எதனால்? ஒரு சிகரெட்டில் ஏறத்தாழ 10 மில்லிகிராமோ கொஞ்சம் கூடவோ நிகோடின் இருந்தாலும் உடம்புக்குள் போவது 1 முதல் 2 மில்லிகிராம். அதுவும் இழுத்து இழுத்து, சில நிமிடங்களில். தலை சுற்றினால் கையே சிகரெட்டைக் கீழே போட்டுவிடும். புட்டியிலிருந்து சிந்தியது அப்படி நிற்காது.

உள்ளே போனால் என்ன நடக்கும்? நம் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற பொருளால் பேசிக்கொள்கின்றன. அதை வாங்கும் ஏற்பிகளில் ஒரு வகைக்கு நிகோடினிக் ஏற்பி என்றே பெயர், இந்த நஞ்சை வைத்துத்தான் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். கேம்பிரிட்ஜில் லாங்லி என்ற உடலியலாளர் 1905ல் நிகோடினையும் குராரே என்ற அம்பு நஞ்சையும் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்துதான் 'ஏற்கும் பொருள்' என்ற கருத்தே வந்தது. நிகோடின் அந்த ஏற்பியைத் தட்டித் திறக்கும். முதலில் எல்லாம் ஓடும்: எச்சில், வியர்வை, வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தம் ஏறுதல், தசைத் துடிப்பு, வலிப்பு. அளவு கூடுதலானால் ஏற்பி திறந்தபடியே அசந்துபோகும். அப்போது எல்லாம் தலைகீழ்: நாடி தளரும், அழுத்தம் விழும், தசைகள் சோரும். கடைசியாக மூச்சுத் தசை. இந்த இரண்டாம் கட்டத்தில்தான் வீட்டார் "கொஞ்சம் அமைதியாகிவிட்டார், தூங்குகிறார்" என்று நம்பிவிடுகிறார்கள்.

மாற்று மருந்து கிடையாது. குறிகளுக்கு ஏற்ப மருந்து கொடுப்போம், தேவைப்பட்டால் சுவாசக் கருவியில் வைப்போம். நிகோடினின் பாதி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உடம்பிலிருந்து கழிந்துவிடும், கல்லீரல் அதைக் கோட்டினினாக மாற்றிவிடும். அந்தச் சில மணி நேரம் மூச்சைத் தாங்கிப் பிடிக்க ஆளும் கருவியும் இருந்தால் பலர் எழுந்து நடக்கிறார்கள்.

நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி: எவ்வளவு? கடைப் பொருளானால் புட்டியின் மேல் எழுதியிருக்கும். வீட்டில் காய்ச்சியது என்றால், கூட வந்தவர் ஒரு புட்டியை நீட்டுவார். பழுப்பு நீர். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம், பார்த்து என்ன தெரியும்? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தோல் வழியாகப் போவதைப் பற்றி ஒன்று. 1933ல் அமெரிக்க மருத்துவ இதழில் ஃபாக்னர் என்ற மருத்துவர் எழுதிய நிகழ்வு. பூச்செடி வியாபாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் 40 விழுக்காடு நிகோடின் பூச்சிமருந்து கொஞ்சம் சிந்தியிருந்தது. கால்சட்டையின் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஈரம், அவ்வளவுதான். கால்மணி நேரத்தில் குமட்டல், மூச்சுத் திணறல், மருத்துவமனை. நான்கு நாளில் தேறினார். வீட்டுக்கு அனுப்பும்போது காகிதப் பையில் வைத்திருந்த அவர் உடைகளையே திருப்பிக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டார். கால்சட்டை இன்னும் ஈரமாக இருந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அதே நிலையில் திரும்பி வந்தார்.

பதிவு 9 | ஒற்றைநாற்று

அந்தக் கால்சட்டைக் கதையைப் படித்துவிட்டு, பரணில் கிடந்த என் பழைய சட்டையை எடுத்து எறிந்துவிட்டேன். துவைத்ததுதான். இருந்தாலும்.

பதிவு 10 | புகைமூட்டம்

நான் செடிக்காக வரவில்லை. மின்சிகரெட்டுக்கு நிரப்பும் திரவத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று தேடி இங்கே வந்தேன். என் கணக்கில், புகைப்பதே நஞ்சு, அதைவிட இது குறைவுதானே? எரிப்பதே இல்லையே.

பதிவு 11 | காரவினை

எரிக்காததால் தார் இல்லை என்பது சரி. ஆனால் இலையிலிருந்து இழுக்கும்போது நிகோடின் மட்டும் தனியாக, நல்ல பிள்ளையாக எழுந்து வராது. கூட்டாளிகளோடுதான் வரும். அனபேசின், அனடாபின், நார்நிகோடின் ஆகிய உறவுக்கார அல்கலாய்டுகள் வரும். இலை உலரும்போதும் பதப்படும்போதும் நிகோடினிலிருந்தும் இவற்றிலிருந்தும் புகையிலைக்கே உரிய நைட்ரசமைன்கள் உருவாகின்றன. அவற்றில் இரண்டை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வயலில் அடித்த பூச்சிமருந்தின் மிச்சம் வரலாம். நீங்கள் பயன்படுத்திய கரைப்பானின் மிச்சம் கட்டாயம் வரும். மருந்து ஆலைகளில் இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துத் தூய்மைப்படுத்திச் சோதிக்கிறார்கள். வீட்டில் துணி வடிகட்டிதான் இருக்கிறது.

வயிற்றுக்குள் போகலாம் என்பது நுரையீரலுக்குள் போகலாம் என்று பொருளல்ல. 2019ல் அமெரிக்காவில் மின்சிகரெட் வகைக் கருவிகளால் நுரையீரல் நோய் பரவியபோது, முதன்மையாகச் சிக்கியது வைட்டமின் ஈ அசிடேட். மாத்திரையாக விழுங்கினால் யாரும் கவலைப்படாத பொருள்.

இப்போது நான் மனத்தில் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். இலையில் 1 விழுக்காடா, 3ஆ, 9ஆ என்பது தெரியாது. அதில் எத்தனை பங்கு கரைந்து வந்தது என்பது தெரியாது. வந்தது எவ்வளவு தண்ணீரோடு, எவ்வளவு கரைப்பானோடு கலந்திருக்கிறது என்பது தெரியாது. மூன்று தெரியாதவற்றைப் பெருக்கினால் என்ன வரும்? நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, காற்றுபட்டே பழுப்பாகும் பொருள் அது. சுவைத்துப் பார்க்கிறேன் என்று எவரும் கிளம்ப வேண்டாம். அளக்க ஆய்வகத்து நிறவரைவியல் கருவி வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 6 மில்லிகிராம் என்று நினைத்து 60 இருக்கும் திரவத்தை நிரப்புவது மிக எளிதில் நடக்கக்கூடிய தவறு.

நெருப்பையும் சொல்ல வேண்டும், நிகோடினுக்கு முன்பே ஆளை முடிப்பது பல சமயம் அதுதான். எரியும் கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். நீங்கள் சன்னலருகே நின்று கிண்டிக்கொண்டிருப்பீர்கள், அது பக்கத்து அறையின் அடுப்பைத் தேடிப் போயிருக்கும். குளிர்பதனப் பெட்டி தானாக ஓடத் தொடங்கும்போது உள்ளே எழும் சின்னப் பொறியே போதும். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டால் தானாகச் சூடேறித் தெறிக்கும். தோலில் பட்டால் சோப்பு போல வழுக்கும், ஏனென்றால் உங்கள் கொழுப்பையே அது சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது. கண்ணில் பட்டால், கழுவ ஓடும் நேரத்திலேயே கருவிழி போய்விடக்கூடும். சரி, கரைப்பானே வேண்டாம், கொதிக்கவைத்து வற்றவைக்கிறேன் என்றால், காரம் சேர்ந்த நிகோடின் நீராவியோடு எழுந்து நீங்கள் மூச்சுவிடும் காற்றில்தான் கலக்கும்.

பதிவு 12 | தும்பி

வேதியியல் நடக்கட்டும், செடியின் பக்கம் யாரும் பேசவில்லையே. பூஞ்சட்டி அண்ணா, உங்கள் ஊறவைத்த கரைசலில் நிகோடினைவிட எனக்குப் பயம் தருவது புகையிலைத் தேமல் வைரஸ். உலர்ந்த இலையிலும் பல ஆண்டுகள் உயிர்ப்போடு கிடக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலையின் பங்காளிகள், ஒரே குடும்பம். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளித்தால், நோயை நீங்களே கொண்டுபோய் இலைதோறும் பூசுவதாக ஆகலாம். குருத்து சுருண்டிருக்கிறது என்றீர்களே, இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், நிகோடினுக்கு அசுவினியும் தேனீயும் ஒன்றுதான். இன்று தேனீக்களின் பெயரால் சண்டை நடக்கும் நியோநிகோடினாய்டு மருந்துகள் இதே ஏற்பியைத் தாக்கும்படி செய்யப்பட்டவை, பெயரிலேயே நிகோடின் இருக்கிறது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்தே சாகும். அசுவினி ஒரு வாரத்தில் மறுபடி பெருகிவிடும், பொறிவண்டு அவ்வளவு விரைவில் வராது. மூன்றாம் நாள் திரும்பி வந்தது என்றீர்களே, கரைசல் நீர்த்துப்போனதை நான் நம்பவில்லை. காவலாளியைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடியிருக்கிறீர்கள்.

பதிவு 13 | கேள்விக்குறி

ஆனால் புகையிலைக் கரைசல் இயற்கை முறைதானே? நம் முன்னோர்கள் செய்ததுதானே?

பதிவு 14 | பழஞ்சுவடி

இயற்கை என்ற சொல்லை வைத்துக் கொஞ்சம் விளையாடலாம். 40 விழுக்காடு நிகோடின் சல்பேட் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கடையில் விற்றது. விவசாயிகளும் குழந்தைகளும் செத்தார்கள். நிகோடினுக்குப் பூச்சிமருந்தாக அங்கிருந்த கடைசி அனுமதியும் 2014ல் முடிந்தது. அந்நாட்டின் இயற்கை வேளாண் விதிகளில், இயற்கைப் பொருளாக இருந்தும் பயன்படுத்தக் கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. ஆர்செனிக், ஸ்ட்ரிக்னின் ஆகியவற்றோடு புகையிலைத் தூளும் அதில் இருக்கிறது.

வீட்டில் நிகோடின் பிரித்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் இருக்கிறார், அவர் கதையைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. பெல்ஜியத்துக் கோமான் இப்போலித் விசார் தெ பொகார்மே. கடனில் மூழ்கியவர். மைத்துனன் குஸ்தாவ் ஃபூஞியுக்குச் சொத்து இருந்தது, உடல்நலம் இல்லை, ஒரு காலும் இல்லை. சொத்து தமக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்த வேளையில் குஸ்தாவ் திருமணம் செய்யப்போவதாகச் செய்தி. 1850ல் கோமான் தம் மாளிகையில் ஆய்வகம் அமைத்து, புகையிலையைப் பெருமளவில் வாங்கிக் காய்ச்சி வடித்தார். கேட்டவர்களுக்கு வாசனைத் திரவம் செய்வதாகச் சொல்லியிருந்தார். 1850 நவம்பர் 20 அன்று விருந்துக்கு வந்த குஸ்தாவ் உயிரோடு திரும்பவில்லை. உடல் மேல் வினிகரை ஊற்றித் தடயம் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் தாவர நஞ்சு உடலுக்குள் போய்விட்டால் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்று வேதியியலாளர்கள் நம்பினார்கள். கோமானும் அதை நம்பித்தான் இறங்கினார். வழக்கு ஜான் செர்வே ஸ்டாஸ் என்ற வேதியியலாளரிடம் போனது. உறுப்புகளிலிருந்து நிகோடினைப் பிரித்தெடுத்துக் காட்டினார் அவர். ஸ்டாஸ் முறை என்று அதன் வழிவந்தது நச்சியலில் நீண்ட காலம் நின்றது. 1851 ஜூலையில் மோன்ஸ் நகரில் கோமானின் தலை துண்டிக்கப்பட்டது. நிகோடினை முதன்முதலில் தனியாகப் பிரித்தவர்கள் ஹைடல்பெர்க்கில் போசெல்ட், ரைமான் என்ற இருவர், 1828ல். இருபத்திரண்டே ஆண்டில் அது கொலைக் கருவியாகிவிட்டது.

பதிவு 15 | பூஞ்சட்டி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒன்றைச் சொல்ல வேண்டும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே பாதி செய்துவிட்டேன். கரைப்பான் எதுவும் சேர்க்கவில்லை. இலையை நிறையப் போட்டு, சலவைச் சோடா கலந்து, இரண்டு முறை காய்ச்சி வற்றவைத்த சாறு இருக்கிறது. அன்று மாலை முழுக்கத் தலைவலி, நெடியால் வந்தது என்று நினைத்தேன். இதை இப்போது எங்கே கொட்டுவது?

பதிவு 16 | இரவுப்பணி

எந்தப் புட்டியில் வைத்திருக்கிறீர்கள்?

பதிவு 17 | பூஞ்சட்டி

பழைய குடிநீர்ப் புட்டி.

பதிவு 18 | இரவுப்பணி

எங்கே?

பதிவு 19 | பூஞ்சட்டி

சமையலறையில். சாளரத் திட்டில்.

பதிவு 20 | இரவுப்பணி

பதில் எழுதிக்கொண்டிருக்காமல் எழுந்து போங்கள். கையுறை போட்டுக்கொண்டு அதை எடுத்து, பூட்டக்கூடிய இடத்தில், உயரத்தில் வையுங்கள். திறக்காதீர்கள், வேறு புட்டிக்கு மாற்றாதீர்கள், மாற்றும்போதுதான் சிந்தும். மேலே "நஞ்சு – நிகோடின்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். திட்டில் வட்டமாகக் கறை இருந்தால் கையுறையோடு நிறையத் தண்ணீர் விட்டுத் துடைத்து, அந்தத் துணியையும் கட்டித் தனியே வையுங்கள்.

வீட்டில் யார் மேலாவது பட்டால் உடையைக் கழற்றி, நீண்ட நேரம் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனை. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. புட்டியையும் கையோடு எடுத்து வாருங்கள். அறிகுறி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா?

பதிவு 21 | காரவினை

கொட்டுவதைப் பற்றி: கழிநீரிலும் வேண்டாம், மண்ணிலும் வேண்டாம். மீனுக்கு நிகோடின் ஆகவே ஆகாது. அபாயக் கழிவு எடுத்துக்கொள்ளும் இடம் எது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள், அதுவரை பூட்டி வையுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். காய்ச்சிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அலுமினியமாக இருந்தால் சோடா அரித்தே இருக்கும், எப்படியும் போகவேண்டியதுதான். அந்தத் தலைவலி நெடியால் வந்ததல்ல என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பதிவு 22 | பூஞ்சட்டி

எடுத்து வைத்துவிட்டேன். பூட்டியாகிவிட்டது, சீட்டு ஒட்டியாகிவிட்டது.

குழந்தை இருக்கிறாள், நான்கு வயது. திட்டு அவளுக்கு எட்டாது என்றுதான் வைத்தேன். புட்டியை எடுக்கப் போனபோது அதற்குக் கீழே அவளுடைய சின்ன முக்காலி கிடந்தது. மதியம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இழுத்து வந்திருக்கிறாள்.

பதிவு 23 | தும்பி

அண்ணா, நாளைக் காலை வெறும் தண்ணீரைக் குழாயில் வேகமாக, இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை. எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அசுவினியின் இனிப்புக்காக அவைதான் பொறிவண்டை விரட்டும். முடியாவிட்டால் சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய். அதற்கும் மேல் போக வேண்டாம்.

பதிவு 24 | பூஞ்சட்டி

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். புட்டியைக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவர் சீட்டைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இலையில் தேமல் திட்டு இல்லை. இன்று காலை ஓர் இலையைத் திருப்பியபோது கறுப்பும் ஆரஞ்சுமாக, முதலை போல ஒன்று ஊர்ந்தது. நசுக்கப் போனேன். தும்பி, அது பொறிவண்டின் புழுதானே?

பதிவு 25 | தும்பி

அதுதான். விரலை எடுங்கள்.